வளையத்தைப் புரிந்துகொள்வோம்

புருஷோத்தமன் வீட்டுக் குழாய் சொட்டியது. குழாய் என்றால் சொட்டத்தான் செய்யும். இதில் கதை எழுத ஒன்றும் இல்லை. அதைப் போய் அவன் ஆபீஸில் சொன்னான் பாருங்கள், அங்கேதான் வினை பிடித்தது.

அவன் மரக்காணத்து உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவன். மனைவி அம்சவல்லிக்கும் அதே வேலை. கழுவெளி ஏரி ஓரமாக இருந்த குடிசையைச் சுனாமி கொண்டுபோன பிறகு, கரையோர மறுவாழ்வுக் கூட்டமைப்பு என்ற ஒன்று வந்து அவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வரிசையாகக் காங்கிரீட் வீடு கட்டியது. வீட்டை ஒதுக்கினார்களே ஒழிய இன்னும் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு ஒரு விழா நடக்க வேண்டும். விழாவுக்கு வரவேண்டிய பெரிய மனிதருக்கு நேரம் கிடைக்கவில்லை. அதுவரை வீடு கூட்டமைப்பின் சொத்து; குடியிருப்பவர்கள் பயனாளிகள். பயனாளி ஓர் ஆணி அடித்தாலும் அது ‘அனுமதியற்ற மாற்றம்’, மாற்றம் செய்தால் ஒதுக்கீடு ரத்து. அதனால் அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் சாமி படம் தரையில்தான் சாய்ந்திருந்தது. சாமி ஒன்றும் சொல்லவில்லை.

வரிசை முழுவதற்கும் ஒரே தண்ணீர் டேங்க். காலையில் மோட்டார் போட்டு நிரப்புவார்கள். அது சாயங்காலம் வரை நிற்க வேண்டும். சாயங்காலத் தண்ணீர்தான் முக்கியம். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நின்ற கால்களை நல்ல தண்ணீரில் கழுவினால்தான் உப்பளத்துக்காரர்களுக்கு ராத்திரி தூக்கம் வரும். கழுவாவிட்டால் வெடிப்பில் உப்பு இறங்கிப் புண்ணாகும். புண்ணோடு உப்புப் பாத்தியில் இறங்க முடியாது. அம்சவல்லியின் குதிகால் ஏற்கெனவே பிளந்திருந்தது. அந்தக் காலோடு அவள் நொண்டிக்கொண்டு வீடு திரும்புவதைப் பார்க்கப் புருஷோத்தமனுக்குப் பொறுக்காது.

அவனுக்குத் தன் வீட்டுக் கொல்லையில் குழாய் என்பதே இதுதான் முதல் தடவை. திருகி மூடிய பிறகும் சொட்டு விழுந்தபோது, காங்கிரீட் வீட்டுக் குழாய் இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டான். நாளடைவில் சொட்டு நூலாக இழுத்தது. ஒருநாள் சாயங்காலம் டேங்கில் பொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டு முத்தம்மாள் வெறும் பக்கெட்டோடு வாசலில் வந்து நின்று, வரிசைத் தண்ணீர் மொத்தமும் அவன் வீட்டுக் குழாய் வழியாகப் போவதை விளக்கிச் சொன்னாள். சொல்லும்போது அவன் பரம்பரையையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள்.

அவன் தனக்குத் தெரிந்ததைச் செய்தான். உப்பளத்தில் தண்ணீர் கசிந்தால் களிமண்ணைப் பிசைந்து மடைவாயில் அப்பி மிதிப்பார்கள், கசிவு நிற்கும். அவன் பாத்திக் களிமண்ணை ஒரு கூடை கொண்டுவந்து குழாயின் வாயில் திணித்து, மேலே சாக்குத் துணியைச் சுற்றி, இன்னும் கொஞ்சம் அப்பி, தடவி வழவழப்பாக்கினான். பார்க்க அம்சமாக இருந்தது. சொட்டும் நின்றது. மறுநாள் அம்சவல்லி குடத்தை வைத்துக் குழாயைத் திறந்தபோதுதான், மூடிய மடையைத் திறக்காமல் தண்ணீர் வராது என்பது இருவருக்கும் உறைத்தது. களிமண்ணைத் தோண்டி எடுத்த பிறகு குழாய் முன்னைவிட நன்றாகவே ஒழுகியது.

ஆகவே அவன் ஆபீஸுக்குப் போனான்.

கூட்டமைப்பின் ஆபீஸ் பெரிய முதலியார்சாவடியில் ஒரு பங்களாவில் இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் மரக்காணத்துப் பக்கம் இருந்தாலும், பாதிப்பைப் பற்றி யோசிப்பதற்குப் பாண்டிச்சேரி பக்கத்தில் இருப்பதுதான் வசதி என்று முடிவு செய்திருந்தார்கள். திட்ட ஒருங்கிணைப்பாளர் சிவப்பிரகாசம் அவனை உட்காரச் சொல்லி, விஷயத்தைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். ரொம்ப நல்ல மனிதர். அவர் யாரிடமும் கோபித்துக்கொண்டதை ஒருவரும் பார்த்ததில்லை.

“குழாய ரிப்பேர் பண்ணிக் குடுத்துடலாம்ங்க, அது ஒரு வேலையே இல்ல. ஆனா பண்ணிட்டா நீங்க காலத்துக்கும் எங்களையே நம்பிக்கிட்டு இருப்பீங்க. கசிவ நிறுத்துறது எங்க நோக்கம் கிடையாது. நீங்க அதப் புரிஞ்சிக்கணும், அதான் எங்க நோக்கம்” என்றார்.

அப்படியானால் தானே சரிசெய்துகொள்ளலாமா என்று புருஷோத்தமன் கேட்டான். அது அனுமதியற்ற மாற்றம் என்று அவர் அன்போடு சொன்னார்.

வெளியே வந்தால், தோட்டத்துக் குழாயை வாட்ச்மேன் செல்லப்பன் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையிலிருந்து கறுப்பாக ஏதோ ஒன்றை எடுத்து உள்ளே போட்டு, திருகி, மூடிவிட்டு எழுந்தான். குழாய் சொட்டவில்லை. எங்கள் வீட்டிலும் இப்படிச் செய்யக்கூடாதா என்று இவன் கேட்க, செல்லப்பன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “இது ஆபீஸ் பைப்புப்பா. இதுக்குத் திட்டம் எதுவும் கிடையாது.”

அடுத்து ஆய்வு நடந்தது. கூட்டமைப்பின் என்ஜினீயர் சுரேஷ், கழுத்தில் கேமரா தொங்க, ஜீப்பில் வந்து இறங்கினான். சின்ன வயசு, சொன்னதைச் செய்கிறவன். குழாயில் ஒட்டியிருந்த களிமண் மிச்சத்தை முதலில் படமெடுத்து ‘அனுமதியற்ற மாற்றம், முதல் எச்சரிக்கை’ என்று எழுதினான். பிறகு புருஷோத்தமனிடம், சுனாமிக்கு முன்னால் வீட்டில் குழாய்க் கசிவு இருந்ததா என்று கேட்டான். இல்லை என்றான் புருஷோத்தமன். குடிசையில் குழாயே இல்லை என்பதையும் சொல்ல வாயெடுத்தான். ஆம், இல்லை என்று இரண்டு பதிலுக்குத்தான் இடமிருக்கிறது என்று சுரேஷ் தடுத்துவிட்டான். வரிசை முழுவதும் இதே கேள்விக்கு இதே பதில் வந்தது. சுனாமிக்கு முன் ஒரு வீட்டிலும் கசிவு இல்லை, சுனாமிக்குப் பின் இருக்கிறது. ஆகவே குழாய்க் கசிவு சுனாமியின் நேரடி விளைவு என்று ஆய்வு நிரூபித்தது. வெளிநாட்டில் இதைப் படித்தவர்கள் மிகவும் கலங்கிப்போனார்களாம். ஒரு திட்டத்துக்குப் பணம் வந்தது.

திட்டத்தின் பெயர் ‘வளையத்தைப் புரிந்துகொள்வோம்’. முதல் கட்டம் பயிற்சி முகாம். குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதிக்கு வரிசையையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நல்ல வெயில் காலம், உப்பு விளைகிற சமயம். ஆளுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. ஹாலில் தெர்மாகோலில் செய்து கறுப்புப் பெயிண்ட் அடித்த ஒரு வளையம், மாட்டுவண்டிச் சக்கரம் பெரிசுக்கு நிறுத்தி வைத்திருந்தது. முத்தம்மாள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குழாயில் போடுகிற நிஜ வளையம் ஒன்றும் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், தொடக்கூடாது என்ற அறிவிப்போடு.

பிறகு விளையாட்டு. எல்லோரும் கைகோத்து வட்டமாக நிற்க வேண்டும். அவர்கள்தான் ரப்பர் வளையம். நடுவில் ஒருவர் தண்ணீர். குழாய்க்குச் சொந்தக்காரன் என்பதால் புருஷோத்தமனைத் தண்ணீராக்கினார்கள். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அங்கே இங்கே முட்டிப் பார்த்துவிட்டு, குனிந்து முத்தம்மாளின் கைக்குக் கீழே புகுந்து வெளியே வந்தான். பயிற்சியாளர்கள் எழுந்து கைதட்டினார்கள். முத்தம்மாள், வரிசைத் தண்ணீரைக் குடித்தது போதாதென்று இங்கேயும் தன் பக்கமாகவே ஒழுகுகிறான் என்று வைதாள். இது ‘சமூகக் கற்றலின் தருணம்’ என்று எழுதிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்கு முன் சிவப்பிரகாசம் பேசினார். அன்றைக்குப் பேசியதிலேயே அவர் பேச்சுத்தான் எல்லோருக்கும் புரிந்தது.

“இந்த வளையத்தப் பாருங்க. மேலேருந்து இரும்பு அமுக்குது. கீழேருந்து தண்ணி தள்ளுது. ரெண்டுக்கும் நடுவுல கிடந்து நசுங்குது. வாயத் தொறக்குதா? தொறக்காது. தொறந்தா அதுக்குப் பேரு கசிவு. ஒரு நல்ல பயனாளி எப்படி இருக்கணும்னு நாம இதுகிட்டதான் கத்துக்கணும்.”

வெஜிடபிள் பிரியாணி நன்றாக இருந்தது. ஆளுக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். வளையம் கொடுக்கவில்லை, அது இரண்டாம் கட்டத்தில் வருகிறதாம்.

வீடு திரும்பியபோது டேங்க் காலி. அம்சவல்லியின் குதிகாலில் அன்றிலிருந்து சீழ் பிடிக்க ஆரம்பித்தது. அவள் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். புருஷோத்தமன் சான்றிதழால் விசிறினான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை, அழுகைதான் வந்தது.

காலையில் அவள் நொண்டிக்கொண்டே மரக்காணம் பஜாருக்குப் போனாள். நடராசன் இரும்புக் கடையில் விஷயத்தைச் சொன்னாள். அவர் சாமான் எடுத்துக் கொடுப்பதை நிறுத்தாமலே சொன்னார்: “உள்ள ரப்பர் வாஷர் இருக்குதும்மா, அது தேஞ்சி போயிருக்கும். நீ திருகுறப்ப அதுதான் போய் ஓட்டைய அடைக்கணும். தேஞ்சது எங்க அடைக்கும்? டேங்க் வால்வ மூடிட்டு, தலைய கழட்டி, புதுசு போட்டு மாட்டு. ஸ்பேனர் வேணும்னா எடுத்துட்டுப் போய்ட்டுத் திருப்பிக் குடு.” ஒரு டீயின் விலைகூட ஆகவில்லை.

அவள் அப்படியே செய்தாள். புருஷோத்தமன் வாசலில் நின்று ஜீப் வருகிறதா என்று பார்த்துக்கொண்டான். தேய்ந்த பழைய வாஷரை அவள் வேலிக்கு வெளியே எறிந்தாள். குழாயைத் திருகினாள், நின்றது. அன்றைக்குச் சாயங்காலம் டேங்கில் தண்ணீர் இருந்தது. வரிசை முழுவதும் கால் கழுவியது. முத்தம்மாள் கொல்லையில் உட்கார்ந்து இரண்டு காலிலும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள், ஒருவரையும் வையவில்லை. அம்சவல்லி படுத்ததும் தூங்கிவிட்டாள்.

இந்த நல்ல நிலைமை சில நாள் நீடித்தது. பிறகு சுரேஷ் வந்தான். குழாயைப் பார்த்தான். காத்திருந்தான். திரும்பவும் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

“ஏம்பா, யாரு நிறுத்துனது?” என்றான்.

பணம் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் அந்தச் சொட்டைப் பார்ப்பதற்காகவே விமானம் ஏறிவிட்டார்கள் என்று தெரிந்தது. சிவப்பிரகாசமே ஜீப்பில் வந்தார். கோபப்படவில்லை. அம்சவல்லியின் காலைப் பார்த்து வருத்தப்பட்டார். களிம்பு ஒன்றின் பெயரைக்கூடச் சொன்னார்.

“நீங்க நல்ல எண்ணத்துலதான் செஞ்சீங்கம்மா, எனக்குத் தெரியும். ஆனா திட்டம் பாதியில இருக்குது. பிரச்சினைய நீங்க எடுத்துட்டீங்கன்னா, தீர்வ நாங்க எங்க கொண்டுபோய் வைக்கிறது?” என்றார்.

இது இரண்டாவது மாற்றம் என்றும், மூன்றாவது எச்சரிக்கை என்று ஒன்று விதியில் கிடையாது என்றும் சுரேஷ் சொன்னான். அதாவது பழையபடி ஒழுகவிட்டால் வீடு, இல்லாவிட்டால் கழுவெளி ஓரம். அம்சவல்லி, கடைக்கு இன்னும் திருப்பிக் கொடுக்காத ஸ்பேனரை எடுத்துச் சுரேஷிடம் கொடுத்தாள்.

பழைய வாஷரைத்தான் காணவில்லை. சுரேஷ், டிரைவர், புருஷோத்தமன் மூவரும் வேலியோரம் முட்டி போட்டுத் தேடினார்கள். ஆடு தின்றிருக்கும் என்றாள் முத்தம்மாள். கடைசியில் கூட்டமைப்பின் வேறொரு காலனியிலிருந்து தேய்ந்த வாஷர் ஒன்று, ஜீப்பில், உறை போட்டு வந்து சேர்ந்தது. கூட்டமைப்பு அந்த வரிசைக்கு வழங்கிய முதல் வளையம் அதுதான். சுரேஷ் மாட்டினான். குழாய் அருமையாக ஒழுகியது.

வெளிநாட்டுக்காரர்கள் ஓர் உயரமான அம்மாளும் ஒரு தாடிக்காரருமாக வந்தார்கள். குழாய் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. அந்த அம்மாள் ஒரு சொட்டை விரலில் வாங்கிப் பார்த்தார். இந்தச் சொட்டு உங்களிடம் என்ன சொல்கிறது என்று அம்சவல்லியைக் கேட்கும்படி சிவப்பிரகாசத்திடம் சொன்னார்.

“சாயங்காலம் கால் கழுவத் தண்ணி இருக்காதுன்னு சொல்லுதுங்க” என்றாள் அவள்.

சிவப்பிரகாசம் அதை வெகுநேரம் மொழிபெயர்த்தார். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாடிக்காரர் அம்சவல்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். போவதற்குள் முடிவாகிவிட்டது: இவ்வளவு பேசுகிற ஒரு சொட்டை அவசரப்பட்டு நிறுத்துவது அநியாயம். நீண்டகால ஆய்வு தேவை. ஆய்வு முடியும்வரை குழாயை யாரும் தொடக்கூடாது, சொட்டுக்குக் கீழே குடமும் வைக்கக்கூடாது.

அப்புறம் ஒரு சிக்கல் எழுந்தது. சாயங்காலம் டேங்க் காலியானால் சொட்டும் நின்றுவிடுகிறது, ஆய்வு கெடுகிறது. ஆகவே மற்ற வீடுகளுக்குப் போகிற தண்ணீரை மத்தியானத்தோடு பூட்டிவிட வேண்டும், மிச்சத் தண்ணீர் சொட்டுக்கு. இதைப் பார்த்துக்கொள்ள உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும். பயனாளியே காவலராவதுதான் அதிகாரப் பகிர்வு என்றார் சிவப்பிரகாசம். புருஷோத்தமனுக்கு மாதச் சம்பளம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, குடை, தொப்பி, கழுத்தில் மாட்டிக்கொள்ள போட்டோ வைத்த அட்டை. காவலர் வீட்டு ஒதுக்கீடு எந்தக் காலத்திலும் ரத்தாகாது என்றும் வாக்குக் கொடுத்தார்கள். இதற்கு யார்தான் மாட்டேன் என்பார்கள்? அம்சவல்லிக்கும் வீடு நிலைத்தால் போதும் என்றிருந்தது. சம்பளத்தில் பானைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம், கொஞ்ச நாள்தானே என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

முதலில் அவனுக்குக் கூச்சமாக இருந்தது. எல்லோரும் உப்பளத்துக்குப் போகும்போது தான் மட்டும் தன் வீட்டுக் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் குழாயைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது. டேங்க் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். முத்தம்மாள் வந்து ஒரு பக்கெட் மட்டும் விடச் சொல்லிக் கெஞ்சியபோது, கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு, விட்டால் நீங்கள் இதையே நம்பிக்கொண்டு இருப்பீர்கள் என்று விளக்கினான். கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வைவதற்கு வார்த்தை கிடைக்காமல் போனது அந்த ஒரு தடவைதான்.

பார்வையாளர்கள் வந்தார்கள். அவன் எழுந்து நின்று சொட்டைக் காட்டினான். சொட்டு விழுகிற சத்தத்தைக் கேட்க அமைதியாக இருக்கச் சொன்னான். கூட்டமைப்பின் காலண்டரில் அவன் படம் வந்தது. அதை மாட்ட ஓர் ஆணி அடிக்கக் காவலருக்கு மட்டும் சிறப்பு அனுமதி கிடைத்தது.

அம்சவல்லி தினமும் பாத்திக்குப் போய்வந்தாள். வாங்கின பானைத் தண்ணீர் சோற்றுக்கும் குடிக்கவும்தான் சரியாக இருந்தது. குதிகால் புண் மேலேறிக் கணுக்காலுக்கு வந்தது. மேஸ்திரி அவளைப் பார்த்து, காலைச் சரிபண்ணிக்கொண்டு வா, அதுவரைக்கும் வராதே என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் வரும் வழியில் நடராசன் கடைக்குப் போனாள்.

கொல்லைக்கு வந்தபோது அவள் கையில் ஸ்பேனரும், முந்தானையில் முடிந்த புது வாஷரும் இருந்தன. புருஷோத்தமன் நாற்காலியில் இருந்தான். பார்வையாளர் யாருமில்லை, ஜீப் இல்லை. அவர்கள் இரண்டு பேர்தான். அவள் குழாய்ப் பக்கம் குனிந்தாள். அவன் எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குறுக்கே வந்து நின்றான்.

“அம்மா, பயனாளிங்க இதத் தொடக் கூடாதுங்க. ஏதாவது கோரிக்கை இருந்தா ஆபீஸ்ல சொல்லுங்க” என்றான்.

அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. அந்த இடத்தில் நின்றால் வாயில் அப்படித்தான் வந்தது.

அம்சவல்லி நிமிர்ந்தாள். யாரோ புதுசாக வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி அவன் முகத்தைப் பார்த்தாள், அட்டையில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். பிறகு முந்தானையை அவிழ்த்து வாஷரை எடுத்து நாற்காலியின் மேல் வைத்தாள், பக்கத்தில் ஸ்பேனரையும் வைத்தாள்.

“சரிங்க சார். எங்க வூட்டுக்காரரு உப்பளத்துக்குப் போயிருக்காரு. அவரு என் காலு வலி தாங்க மாட்டாரு. வந்தார்னா இதக் குடுத்து மாத்தச் சொல்லுங்க” என்றாள்.

சொல்லிவிட்டுக் கால் கழுவாமலே உள்ளே போய்ப் படுத்தாள். புருஷோத்தமன் நாற்காலியைப் பார்த்தபடி நின்றான். அட்டையைக் கழற்றிவிடலாம் என்றுதான் கையைத் தூக்கினான். கழற்றுவதற்கும் அனுமதி வாங்க வேண்டுமா என்பது அவனுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை.